பெருக்கல் விருத்தியில் உறுப்புக் காண்பது: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

மாலை நேரத்தில் தரம் 11 பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். கூட்டல் விருத்தியைச் சுலபமாகத் தாண்டி வந்தவர்களும் பெருக்கல் விருத்தியில் தடக்குப்படுகிறார்கள், அதுவும் ஏறத்தாழ ஒரே இடங்களில். பிள்ளைகள் வகுப்பில் கேட்டது, அம்மாமார் படலையில் நின்று கேட்டது, இரவில் வட்ஸ்அப்பில் வந்தது எல்லாவற்றையும் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே போட்டிருக்கிறேன்.

புத்தகத்தில் ஆங்கில எழுத்துகளாக வரும் குறியீடுகளை இங்கே முதல் உறுப்பு, பொது விகிதம், இடம் என்று சொல்லாகவே எழுதுகிறேன். இடம் என்றால் அது எத்தனையாவது உறுப்பு என்பது.

சேர், இது கூட்டல் விருத்தியோ பெருக்கல் விருத்தியோ எண்டு எப்பிடிப் பிடிக்கிறது?

ஒவ்வொரு உறுப்பையும் அதற்கு முன்னால் நிற்கும் உறுப்பால் பிரித்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே விடை வந்தால் அது பெருக்கல் விருத்தி, அந்த விடைதான் பொது விகிதம். பிரிப்பதற்குப் பதிலாகக் கழிக்கும்போது ஒரே விடை வந்தால் கூட்டல் விருத்தி. 3, 6, 12, 24 இல் பிரித்தால் எப்போதும் 2. 3, 6, 9, 12 இல் கழித்தால் எப்போதும் 3.

இரண்டுமே 3, 6 என்றுதான் தொடங்குகின்றன. ஆகவே முதல் இரண்டு எண்களை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மூன்றைப் பார்த்துவிட்டு நிறுத்துவதும் ஆபத்துத்தான். 2, 6, 18, 50 என்று தந்து இது பெருக்கல் விருத்தியா என்று கேட்டால், அவசரப்பட்டவர் ஆம் என்று எழுதிவிடுவார். 50 ஐ 18 ஆல் பிரித்தால் 3 வராது.

81, 27, 9 எண்டு குறைஞ்சுகொண்டு போனா விகிதம் 3 தானே?

இல்லை, 1/3. பின்னால் வருவதை முன்னால் நிற்பதால் பிரிக்க வேண்டும்: 27 ÷ 81. சின்ன எண்ணைப் பெரிய எண்ணால் பிரிக்க மனம் வராமல் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். நேர் எண்களாலான விருத்தி குறைந்துகொண்டு போகிறதென்றால் விகிதம் 1 ஐ விடச் சிறியதாகத்தான் இருக்க வேண்டும். விடையை எழுதமுன் இதை ஒருதரம் பார்த்தாலே பாதிப் பிழை போய்விடும்.

உறுப்புகளே பின்னமாக வந்தால் பயம் இன்னும் கூடுகிறது. எங்கள் பழைய கீழ்வாயிலக்கத்தில் மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. காணியை மாவால் பிரித்தால் 1/80 × 20, அதாவது 1/4. முந்திரியைக் காணியால் பிரித்தால் 1/320 × 80, அதுவும் 1/4. பின்னத்தால் பிரிப்பது என்றால் தலைகீழாக்கிப் பெருக்குவது, அவ்வளவுதான். அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்ற வரிசைக்கு விகிதம் என்ன என்று வீட்டில் இருக்கும் அப்பப்பா, அம்மம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

பத்தாம் உறுப்புக்கு ஏன் ஒன்பதாம் வலு போடுறம்? பத்தெண்டே போட்டா என்ன?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கீழே வரும் கேள்விகளில் பாதிக்கும் வேர் இதில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். 3, 6, 12, 24 என்ற விருத்தியில் முதல் உறுப்பு 3 சும்மா கிடைத்தது, அதற்காக எதையும் பெருக்கவில்லை. இரண்டாம் உறுப்புக்கு வர 2 ஆல் ஒருதரம் பெருக்கினோம். மூன்றாம் உறுப்புக்கு இரண்டுதரம். அப்படியே போனால் பத்தாம் உறுப்புக்கு ஒன்பதுதரம், அதாவது 2 இன் ஒன்பதாம் வலு. வேலிக்குப் பத்துக் கதியால் நட்டால் இடைவெளி ஒன்பதுதானே? உறுப்புகள் கதியால்கள், பெருக்கல்கள் இடைவெளிகள்.

ஆகவே சூத்திரம் இப்படி வருகிறது:

உறுப்பு = முதல் உறுப்பு × பொது விகிதத்தின் (இடம் − 1) ஆம் வலு

பத்தாம் உறுப்பு 3 × 2⁹ = 3 × 512 = 1536. சூத்திரம் மறந்துபோனாலும் ‘எத்தனைதரம் பெருக்கினேன்’ என்று கேட்டால் விடை வந்துவிடும். நான் பிள்ளைகளிடம் சூத்திரத்தைவிட இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்க்கிறேன்.

3 × 2⁹ ஐ 6⁹ எண்டு சுருக்கலாமோ?

கூடாது. சுட்டி 9 இருப்பது 2 இன் தலையில் மட்டும். 3 ஒரேயொருதரம்தான் வருகிறது. 6⁹ என்றால் 1,00,77,696. சரியான விடையோ வெறும் 1536. முதலில் வலுவைக் கண்டு முடியுங்கள், பிறகு முதல் உறுப்பால் பெருக்குங்கள்.

கல்குலேற்றர் இல்லாமல் பெரிய வலுவை எப்பிடிச் செய்யிறது?

உடைத்துச் செய்யுங்கள். 2¹⁰ = 1024 என்பதை மனதில் வைத்திருந்தால் 2¹⁴ என்பது 1024 × 16 = 16,384. 3⁴ = 81 தெரிந்தால் 3⁸ = 81 × 81 = 6561, அதை இன்னொருதரம் 3 ஆல் பெருக்க 3⁹ = 19,683. 5⁶ வேண்டுமென்றால் 125 × 125 = 15,625. ஒவ்வொன்றாகப் பெருக்கிக்கொண்டு போகிறவர் நடுவில் எண்ணிக்கையை விட்டுவிடுவார். தசம விகிதம் வந்தால் மடக்கை அட்டவணை இருக்கிறது, ஆனால் வினாத்தாளில் வரும் முழுவெண் விகிதங்களுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

விகிதம் மறை எண்ணா வருமோ? அப்ப குறியை எப்பிடித் தீர்மானிக்கிறது?

வரும். 5, −10, 20, −40 இல் விகிதம் −2. குறி மாறி மாறி வருவதுதான் இதன் அடையாளம். ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் இடங்களில் முதல் உறுப்பின் குறியே இருக்கும். இரட்டை இடங்களில் எதிர்க்குறி. எட்டாம் உறுப்பு 5 × (−2)⁷ = −640, ஒன்பதாம் உறுப்பு 5 × (−2)⁸ = 1280.

அடைப்பைப் போடாமல் விடுவதில்தான் புள்ளி போகிறது. (−2)⁸ என்றால் 256. அடைப்பில்லாத −2⁸ என்றால் −256. பார்க்க ஒன்றுபோல இருக்கும், விடை நேரெதிர்.

நடுவில ரெண்டு உறுப்பு மட்டும் தந்தா முதல் உறுப்பை எங்க போய்த் தேடுறது?

மூன்றாம் உறுப்பு 36, ஆறாம் உறுப்பு 972 என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலிருந்து ஆறுக்குப் போக எத்தனைதரம் பெருக்க வேண்டும்? மூன்றுதரம். ஆகவே 972 ÷ 36 = 27 என்பது விகிதத்தின் மூன்றாம் வலு, விகிதம் 3. இனிப் பின்னோக்கி நடங்கள். மூன்றாம் உறுப்பிலிருந்து முதலாவதுக்கு வர இருதரம் 3 ஆல் பிரிக்க வேண்டும்: 36 ÷ 9 = 4. விருத்தி 4, 12, 36, 108, 324, 972.

சமன்பாடு இரண்டை எழுதி ஒன்றை மற்றதால் பிரிப்பதுதான் புத்தக முறை. உள்ளே நடப்பது இதேதான். பரீட்சையில் செய்கையைக் காட்ட வேண்டும் என்பதால் சமன்பாட்டையும் எழுதிப் பழகுங்கள்.

அதே மாதிரிச் செய்தன், ஆனா விடைத்தாளில ரெண்டு விருத்தி போட்டிருக்கு. ஏன்?

தந்த இரண்டு உறுப்புகளுக்கும் இடையில் பெருக்கல்களின் எண்ணிக்கை இரட்டையாக இருந்திருக்கும். இரண்டாம் உறுப்பு 6, நான்காம் உறுப்பு 54 என்றால் விகிதத்தின் வர்க்கம் 9. விகிதம் 3 ஆகவும் இருக்கலாம், −3 ஆகவும் இருக்கலாம். ஆகவே 2, 6, 18, 54 என்பதும் சரி, −2, 6, −18, 54 என்பதும் சரி. ‘எல்லா உறுப்புகளும் நேர் எண்கள்’ என்று வினாவில் ஒரு சொல் இருந்தால் மட்டும் இரண்டாவதை வெட்டலாம். அப்படி இல்லாவிட்டால் இரண்டையும் எழுத வேண்டும்.

முந்தைய கேள்வியில் இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம் அங்கே பெருக்கல் மூன்றுதரம். மூன்றாம் வலு 27 ஆக வருவது 3 இற்கு மட்டும்தான், −3 இற்கு −27 வரும்.

2 க்கும் 162 க்கும் இடையில மூண்டு எண் போடச் சொல்லியிருக்கு. இது வேற பாடமோ?

அதே பாடம்தான். இடையில் மூன்று, ஓரங்களில் இரண்டு, மொத்தம் ஐந்து உறுப்புகள், நாலு பெருக்கல்கள். 162 ÷ 2 = 81 என்பது விகிதத்தின் நாலாம் வலு. நாலு இரட்டை எண் என்பதால் மேலே சொன்னபடி இரண்டு விடை: 6, 18, 54 அல்லது −6, 18, −54. இடையில் மூன்று என்றதும் மூன்றாம் வலுவை எடுத்துவிட்டு, மூலம் சரியாக வரவில்லையே என்று முழிப்பவர்கள் நிறைய.

2560 எத்தினையாவது உறுப்பு எண்டு கேட்டா? ஒவ்வொண்டா எழுதிப் பாக்கட்டோ?

5, 10, 20, 40 என்ற விருத்தியில் என்று எடுப்போம். எழுதிப் பார்த்தாலும் பிழையில்லை, ஆனால் இது சுருக்கம்: 2560 ÷ 5 = 512. 512 என்பது 2⁹. ஒன்பதுதரம் பெருக்கியிருக்கிறோம், ஆகவே அது பத்தாம் உறுப்பு. இங்கே ஒன்றைக் கூட்ட வேண்டும். 9 என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் கதியாலை விட்டுவிட்டு இடைவெளியை எண்ணியவர்கள்.

இதே விருத்தியில் 1000 வருமா? 1000 ÷ 5 = 200. இரண்டின் வலுக்களில் 128 உண்டு, 256 உண்டு, 200 இல்லை. ஆகவே வராது. ‘1000 ஐத் தாண்டும் முதல் உறுப்பு எது’ என்றால் அந்த 256 ஐ எடுங்கள்: 5 × 256 = 1280, 256 என்பது 2⁸, ஆகவே ஒன்பதாம் உறுப்பு.

வங்கியில ஒரு லட்சம் போட்டா 5 வருசத்தில எவ்வளவு? விகிதம் 10 தானே?

ஆண்டுக்கு 10 வீதம் கூட்டு வட்டி என்று எடுத்தால் விகிதம் 10 அல்ல, 0.1 உம் அல்ல, 1.1. போட்ட காசு அப்படியே இருக்க, அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு சேர்கிறது. விகிதத்தை 0.1 என்று போட்டால் அடுத்த ஆண்டு ஒரு லட்சம் பத்தாயிரமாகச் சுருங்கிவிடும், எந்த வங்கியும் அப்படிச் செய்யாது. வருடத்துக்கு 20 வீதம் விலை இறங்கும் மோட்டார் சைக்கிளுக்கு விகிதம் 0.8: 5,00,000 ரூபாய்க்கு வாங்கியது 4,00,000, 3,20,000, 2,56,000 என்று போகும்.

இனிமேல்தான் வில்லங்கம். ‘5 ஆண்டுகள் கழித்து’ என்றால் ஐந்தாம் உறுப்பு அல்ல. போட்ட அன்றைய ஒரு லட்சம்தான் முதல் உறுப்பு. ஓராண்டு முடிவில் இரண்டாவது. ஐந்தாண்டு முடிவில் ஆறாவது. பெருக்கல் ஐந்துதரம்: 1,00,000 × 1.1⁵ = 1,61,051 ரூபாய். வினாவில் ‘ஐந்தாம் ஆண்டின் தொடக்கத்தில்’ என்று இருந்தால் பெருக்கல் நாலுதரம், 1,46,410. வாசிக்கும்போதே எத்தனைதரம் வட்டி ஏறியிருக்கிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள்.

அப்புறம், காசு எப்போது இரட்டிக்கும் என்றும் கேட்பார்கள். 1.1⁷ ஏறத்தாழ 1.95, 1.1⁸ ஏறத்தாழ 2.14. ஆகவே எட்டாம் ஆண்டு முடிவில்தான் இரண்டு லட்சத்தைத் தாண்டும். எளிய வட்டியானால் ஒவ்வோர் ஆண்டும் அதே 10,000 தான் சேரும், அது கூட்டல் விருத்தி, இரட்டிக்கப் பத்தாண்டு எடுக்கும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு முதல் நாள் ஒரு ரூபா, பிறகு ஒவ்வொரு நாளும் ரெண்டு மடங்கு தரச்சொல்லி அப்பப்பாட்டக் கேட்டா கடைசி நாள் எவ்வளவு வரும்?

கேட்ட பிள்ளை கச்சான் வாங்குகிற கணக்கில்தான் கேட்டது. கொடியேற்றம் அன்று 1 ரூபாய். மஞ்சத் திருவிழா பத்தாம் நாள், 2⁹ = 512 ரூபாய். இதுவரை அப்பப்பா சிரித்துக்கொண்டு தருவார். பதினைந்தாம் நாள் 16,384. இருபதாம் நாள் 5,24,288. தேர் இருபத்துநாலாம் நாள், 2²³ = 83,88,608. தீர்த்தத்தன்று, இருபத்தைந்தாம் நாள், 2²⁴ = 1,67,77,216. ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கு மேல்.

தேர் வரைக்கும் தந்த மொத்தத்தைக் கூட்டினால் 1,67,77,215. தீர்த்தத்தன்று தர வேண்டியதைவிட ஒரே ஒரு ரூபாய் குறைவு. 1 இல் தொடங்கி இரட்டித்துப் போகும் விருத்தியில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் இப்படித்தான்: அதுவரை உள்ள கூட்டுத்தொகை அடுத்த உறுப்பைவிட ஒன்று குறைவு. 1, 2, 4 ஐக் கூட்டினால் 7, அடுத்தது 8.

காணியைத் தலைமுறை தலைமுறையாப் பாதி பாதியாப் பிரிச்சா கடைசியில ஒண்டும் மிஞ்சாதோ?

பூச்சியம் வராது. 16 பரப்பு, அதாவது ஓர் ஏக்கர், முதல் உறுப்பு என்று வையுங்கள். 8, 4, 2, 1 என்று போய், பத்துதரம் பிரித்த பிறகு கிடைப்பது பதினோராம் உறுப்பு: 16 × (1/2)¹⁰ = 16/1024 = 1/64 பரப்பு. ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ், 2722.5 சதுர அடி. அதை 64 ஆல் பிரித்தால் ஏறத்தாழ 42½ சதுர அடி. ஏழடிக்கு ஆறடிக் கட்டில் ஒன்றைப் போடலாம், பக்கத்தில் கதிரை வைக்க இடமில்லை. தோம்பு என்ற காணிப் பதிவேட்டை எழுதுகிறவருக்குத் தலையிடி, ஆனால் கணிதத்தில் அது இன்னும் பூச்சியம் அல்ல. பூச்சியம் அல்லாத எண்ணைப் பூச்சியம் அல்லாத எண்ணால் எத்தனைதரம் பெருக்கினாலும் பூச்சியம் வராது.

5, 5, 5, 5 எந்த விருத்தி?

இரண்டும். பொது விகிதம் 1, பொது வித்தியாசம் 0. ஆனால் 0, 0, 0 ஐப் பெருக்கல் விருத்தி என்று எடுப்பதில்லை, பூச்சியத்தால் பிரிக்க முடியாதே.

ஓர் எண், அதோட 4 கூட்டினது, 12 கூட்டினது மூண்டும் பெருக்கல் விருத்தியில இருக்கெண்டா எண்ணை எப்பிடிக் காணுறது?

மூன்று அடுத்தடுத்த உறுப்புகளில் நடுவில் இருப்பதன் வர்க்கம், ஓரத்தில் இருக்கும் இரண்டின் பெருக்கத்துக்குச் சமம். இரண்டாவதை முதலாவதால் பிரித்ததும் மூன்றாவதை இரண்டாவதால் பிரித்ததும் ஒன்று என்பதிலிருந்து வருவதுதான் இது.

நடுவிலிருப்பதன் வர்க்கத்தை விரித்தால் எண்ணின் வர்க்கம், எண்ணின் 8 மடங்கு, 16 ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை. ஓரங்களின் பெருக்கம் எண்ணின் வர்க்கமும் எண்ணின் 12 மடங்கும். வர்க்கம் இரு பக்கமும் வெட்டுப்பட, எண்ணின் 4 மடங்கு 16 என்று மிஞ்சும். எண் 4, உறுப்புகள் 4, 8, 16. இருபடிச் சமன்பாடு வரப்போகிறதென்று பயந்து விட்டுவிட்டுப் போகாதீர்கள், பல தடவை வர்க்கம் தானாகவே கழன்றுவிடும்.

முதல் 4 உறுப்பின்ர கூட்டுத்தொகை 80, முதல் 5 இன்ர கூட்டுத்தொகை 242. ஐந்தாம் உறுப்பு கேட்டிருக்கு, விகிதமே தரேல்லையே?

விகிதம் வேண்டாம். ஐந்தின் கூட்டுத்தொகையில் நாலின் கூட்டுத்தொகையைக் கழித்தால் மிஞ்சுவது ஐந்தாவது மட்டும்: 242 − 80 = 162. இரண்டு புள்ளிக்கு வரும் இந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் நிரப்பியவர்களைக் கண்டிருக்கிறேன்.

கீபோட் பழகுறன். அதில கட்டையள் போற விதமும் பெருக்கல் விருத்தி எண்டு சொல்லினம், உண்மையோ?

உண்மை. 440 ஹேர்ட்ஸ் கட்டையில் தொடங்கி, கறுப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டு கட்டை மேலே போனால் 880 ஹேர்ட்ஸ். பன்னிரண்டு பெருக்கலில் இரட்டிப்பதால் விகிதத்தின் பன்னிரண்டாம் வலு 2, விகிதம் ஏறத்தாழ 1.0595. 880 பதின்மூன்றாம் உறுப்பு. கூட்டல் விருத்தியாக இருந்திருந்தால் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே அளவு ஹேர்ட்ஸ் ஏற வேண்டும். இங்கே முதல் ஏற்றம் ஏறத்தாழ 26, கடைசி ஏற்றம் ஏறத்தாழ 49, காதுக்கு மட்டும் இரண்டும் ஒரே தூரமாகக் கேட்கும்.

440 ஐ ஸ என்று வைத்தால் ப வுக்கு ஏழு பெருக்கல். வருவது ஏறத்தாழ 659.3. சுத்தமான பஞ்சமம் ஸ வின் ஒன்றரை மடங்கு, 660. உங்கள் வயலின் ஆசிரியர் கீபோட்டைப் பார்த்து முகம் சுளித்தால் அதற்கு ஓரளவு இதுவும் காரணம்.

1, 2, 4, 8, 16 எண்டு தந்தா அடுத்தது 32 தானே, இதில என்ன சந்தேகம்?

அது எங்கிருந்து வந்த வரிசை என்பதைப் பொறுத்தது. ஒரு வட்டத்தின் மேல் புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொரு சோடிப் புள்ளியையும் நாணால் இணைத்து, வட்டம் அதிகபட்சம் எத்தனை துண்டாகிறது என்று எண்ணுங்கள். ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நாலுக்கு 8, ஐந்துக்கு 16. ஆறு புள்ளிக்கு 31. கொம்பாசு எடுத்து வரைந்தே பார்க்கலாம், ஆனால் புள்ளிகளைச் சம இடைவெளியில் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் மூன்று நாண்கள் நடுவில் ஒரே இடத்தில் சந்தித்து 30 ஆகிவிடும்.

ஆகவே முதல் கேள்வியில் சொன்ன பிரித்துப் பார்க்கும் சோதனை தந்த உறுப்புகளுக்கு மட்டும்தான் பொறுப்பு. தராத உறுப்புக்கு அது உத்தரவாதம் தராது. வினாவில் ‘ஒரு பெருக்கல் விருத்தியின் முதல் ஐந்து உறுப்புகள்’ என்று எழுதியிருந்தால் யோசிக்காமல் 32 போடுங்கள். படம் ஒன்றைத் தந்து கோலத்தைத் தொடரச் சொல்லியிருந்தால் அடுத்த படத்தை வரைந்து எண்ணிவிட்டு எழுதுங்கள்.